நித்யகல்யாணிப் பூவ டம்ளர்ல போடறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில இருந்து எழுதுறேன். உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டு வைத்தியக் குறிப்பு வருதே, எங்க மாமனாரு அதை ஒரு வாரம் கூட விடாம கத்திரிச்சு பழைய டைரியில ஒட்டி வெச்சிருக்காரு. அதுல ஒண்ணு, நித்யகல்யாணிப் பூ பத்து எடுத்து தண்ணியில கொதிக்கவெச்சு வெறும் வயித்துல குடிச்சா சுகர் இறங்கும்னு. மொத்தமே நாலு வரி. எத்தனை நாள் குடிக்கணும், ஏற்கனவே சுகர் மாத்திரை போடறவங்க குடிக்கலாமா, யாரு தொடவே கூடாது, ஒண்ணும் இல்ல.

எங்க வாசல்ல காம்பவுண்டு ஓரமா ஒரு வரிசை ரோஸ் கலர் நித்யகல்யாணி இருக்குது. சித்திரை வெயில்ல மத்த செடியெல்லாம் கருகினாலும் அது மட்டும் பூத்துக்கினே இருக்கும், தெருவுல போற ஆடு கூட வாய் வெக்காது. ஒருநாள் கோலம் போடப் போறப்ப பாத்தா செடி மொட்டையா நிக்குது, யாரோ சாமிக்குப் பறிச்சிருப்பாங்கன்னு நானும் விட்டுட்டேன், அன்னிக்கே கேட்டிருக்கணும்.

பத்து நாள் போயிருக்கும். மாமனாரு நாலு நாளா வயித்தப் பொரட்டுதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு, அன்னிக்கு ராத்திரி ஒரு இட்லியில பாதிய அப்படியே வெச்சிட்டாரு, ஆனா சுகர் மாத்திரைய மட்டும் தவறாம போட்டுக்கினாரு. விடிகாலை நாலரைக்கு எழுந்து பாத்தா பனியன் தொப்பலா நனைஞ்சிருக்குது, கை நடுங்குது, என்னையே யாருன்னு கேக்கறாரு. வீட்டு மெஷின்ல குத்திப் பாத்தா 46. முழுங்கற அளவுக்கு நெனவு இருந்ததால சர்க்கரைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கினே ஆட்டோவுல கூட்டிக்கினு ஓடினோம், ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தினதும்தான் பேச்சு வந்துச்சு.

வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாரான்னு டாக்டரு மூணு வாட்டி கேட்டாரு. நாங்க இல்லவே இல்லன்னோம். அப்புறம்தான் எனக்கு அந்த மொட்டைச் செடி ஞாபகம் வந்து, மாமா வாசல் பூவ என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். "ஏம்மா, பேப்பர்லயே போட்டிருந்தாங்களே, பூ என்ன பண்ணிடப் போவுதுன்னு தெனம் காச்சிக் குடிச்சேன்"னாரு. கஷாயம் வயித்தப் பொரட்டி சாப்பாட்டக் குறைச்சிருக்கும், சாப்பாடு இல்லாம மாத்திரை மட்டும் உள்ள போனா சுகர் தடாலுன்னு இறங்கும்னு டாக்டரு விளக்கினாரு.

இந்தச் செடியோட கதைய பேப்பர்ல போடறவங்க முழுசா போடணுங்க. இது மடகாஸ்கர் தீவுல இருந்து உலகம் பூரா பரவின செடி. ஜமைக்காவுல இதோட இலைய சுகருக்கு டீ மாதிரி போட்டுக் குடிப்பாங்க, 1952ல அந்த இலை கனடாவுல ராபர்ட் நோபல்ங்கற ஆராய்ச்சியாளரு கைக்குப் போச்சு. எலிக்கு வாய்வழியா குடுத்துப் பாத்தாங்க, சுகர்ல சொல்லிக்கற மாதிரி மாத்தமே இல்ல. சாற ஊசியில ஏத்தினா எலிங்க கிருமி தாக்கி செத்துப் போச்சு, ஏன்னா ரத்தத்துல வெள்ளை அணுவே குறைஞ்சு போயிருந்தது. வெள்ளை அணு கண்டபடி பெருகற நோய்க்கு இதையே மருந்தாக்கலாமேன்னு போனதுல, 1958ல நோபலும் சார்லஸ் பீரும் இந்தச் செடியில இருந்து வின்பிளாஸ்டின்ங்கற மருந்த பிரிச்சு எடுத்து வெளியிட்டாங்க, அதுக்கப்புறம் இதே செடியில இருந்து வின்கிரிஸ்டின்ங்கற மருந்தும் வந்துச்சு. ரத்தப் புத்துநோய் வந்த எத்தனையோ குழந்தைங்க இன்னிக்குப் பொழைச்சு ஸ்கூலுக்குப் போவுதுன்னா அதுல இந்த வாசல் செடிக்கும் பங்கு இருக்குது. அத நெனைச்சா எனக்கு இந்தச் செடி மேல மரியாதைதான் கூடுது. ஆனா அந்த மருந்த உடம்போட அளவு கணக்குப் பண்ணி, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பண்ணி, ரத்த நாளத்துல மட்டும்தான் ஏத்துவாங்க, அளவு மாறினா நரம்பையே பாதிக்கும். அவ்ளோ வீரியமானத நாம பத்து பூ, ஒரு டம்ளர்னு கணக்கு பண்றோம்.

நம்ம பக்கம் தெலுங்கு பேசறவங்க இத பில்ல கன்னேருன்னு சொல்லுவாங்க. கன்னேருன்னா அரளி. அரளியும் இதுவும் ஒரே குடும்பம்தான், பேரச் சொல்லும்போதே அந்த ஜாக்கிரதையும் கூடவே வந்துடுது. கர்ப்பமா இருக்கறவங்க இதக் கிட்டவே சேர்க்கக் கூடாது, அதையும் அந்த நாலு வரியில யாரும் எழுதல.

நான் நாட்டு மருந்துக்கு எதிரி இல்லீங்க. செம்பருத்திய தேங்காயெண்ணெயில காச்சித்தான் இன்னிக்கும் என் பொண்ணுக்குத் தலைக்குத் தேய்க்கறேன். மேல தேய்க்கறது வேற, வயித்துக்குள்ள போறது வேற. அரசு ஆஸ்பத்திரியில சித்தா பிரிவு இருக்குது, முறையா படிச்ச டாக்டருங்க உக்காந்திருக்காங்க, குறிப்பு போடறதுக்கு முன்னாடி அவங்கள்ல ஒருத்தர்கிட்ட காட்டி எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு ஆகாதுன்னு கேட்டுப் போடுங்க. போன குறிப்புக்கும் ஒரு திருத்தம், அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல போடுங்க. எங்க மாமனாரு இன்னிக்கும் ஞாயித்துக்கிழமை காலையில கண்ணாடியும் கத்திரியும் எடுத்துக்கினுதான் உக்காருறாரு, அத அவரு கத்திரிச்சு அந்த டைரியில பழைய குறிப்புக்கு மேலயே ஒட்டணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.