ஞாயிறு காலை கடற்கரைக்கு நோட்டோடு வாருங்கள்

வணக்கம். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரை, ஷ்மிட் நினைவுச் சின்னம் அருகே பிள்ளைகளோடு கூடுகிறோம்.

பிள்ளைகள் சிப்பியைப் பொறுக்கிப் பையில் போடுவதோடு நிற்காமல், உற்றுப் பார்க்கட்டும். சில சிப்பிகளில் கச்சிதமான வட்ட ஓட்டை இருக்கும். வெளியே அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். நிலா நத்தை என்ற கடல் நத்தை போடும் ஓட்டை அது. அமிலம் சுரந்து சிப்பியின் மேலோடு இளகச் செய்து, அரம் போன்ற நாக்கால் சுரண்டி, உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே கேட்கட்டும்.

மணலில் ஒரு மீட்டர் சதுரம் கீறி, அதற்குள் எத்தனை சிப்பி, எத்தனையில் ஓட்டை என்று எண்ணிக் குறிப்பார்கள். அப்புறம் ஒன்றை எடுத்து வரைவார்கள். அழகாக வர வேண்டியதில்லை. வரைய உட்கார்ந்தால்தான் வளர்ச்சிக் கோடுகளெல்லாம் கண்ணில் படும். தயவுசெய்து யாரும் திருத்த வேண்டாம்.

பங்குனி ஆமை என்ற கடலாமையின் முட்டைகளைக் காக்க 1988 முதல் மாணவர்கள் இரவில் நடக்கும் கரை இது. அந்தக் கதையையும் சொல்வோம்.

பென்சில், வாட்டர் கலர், தொப்பி, தண்ணீர் கொண்டு வாருங்கள். அலையில் இறங்கக் கூடாது. வருபவர்கள் பிள்ளையின் வயதை வெள்ளி இரவுக்குள் இங்கே போடுங்கள்.