பெயர் சொல்லாமல் சென்ற பெரியவருக்கு நன்றி

கொலோன் நகரில் நடந்த பழைய கார்ச் சந்திப்பில், என்னுடைய 1971ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் 1302 எஸ் காரைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் புறப்பட்டுவிட்ட பெரியவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் இன்ஜின் ஒரு கணம் திணறியதால், அதிலிருந்த சொலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கருவி) கழற்றிவிட்டு இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்த 009 வகை டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் கருவி) வேக்குவம் அட்வான்ஸ், அதாவது இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கொண்டு தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் அமைப்பு, இல்லை என்பதையும், அந்தக் கார்புரேட்டருக்கு அது ஒத்துவராது என்பதையும் அவர்தான் விளக்கினார். இன்ஜின் நன்கு சூடேறிய பிறகும் மேனிஃபோல்டை (கார்புரேட்டரிலிருந்து கலவையை இன்ஜினுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) ஒட்டிச் சென்று, புகையின் சூட்டால் அதைச் சூடாக்கும் வெப்பக் குழாயின் ஒரு பக்கம் சில்லென்றிருப்பதை என் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் செய்து, உள்ளே கரி அடைத்திருப்பதை உணர்த்தினார். ஐட்லிங் வேகத்தை, அதாவது கார் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை, கார்புரேட்டரிலுள்ள பெரிய பைபாஸ் திருகால் மட்டுமே கூட்டவோ குறைக்கவோ வேண்டும், த்ராட்டிலின் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) திருகை அதற்காகத் திருப்பவே கூடாது என்பதை அவர் பொறுமையாகச் செய்து காட்டிய விதம் இன்றும் கண்முன் நிற்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றி, குழாயையும் சுத்தம் செய்தபின், சிக்னலில் கார் திணறாமல் கிளம்புகிறது; தெருவில் ஓட்டுவதற்கு இந்த ஒற்றைக் கார்புரேட்டரே தாராளம். ஐயா, தாங்கள் செய்த உதவிக்கு என்றும் கடமைப்பட்டுள்ளேன்.