சீட்டாடத் தெரியாதவர்கள் என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத் தடை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எதிரே ஆடுவது ஆளா, ஆள் போலத் தானே ஆடும் பாட் மென்பொருளா என்று புலம்புவதெல்லாம் தோற்றவர்களின் சாக்கு, ஆட்டம் தெரிந்தவன் எதையும் ஜெயிப்பான் என்று அதில் போகிறபோக்கில் ஒரு வரி. மிக்க நன்றி. எங்கள் வீட்டுப் பையன் ஆட்டம் தெரியாமல்தான் போண்டியானான் என்று ஊருக்கே அறிவித்துவிட்டீர்கள்.

தங்களுக்குத் தெரியாததில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற மென்பொருள், போக்கரே தொழிலாக உள்ள நான்கு பெரிய ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை (சுற்று) ஆடியது. நால்வருமாகச் சேர்ந்து 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சில்லுகளை அதனிடம் விட்டார்கள். 2019-இல் புளூரிபஸ் என்று இன்னொன்று வந்து, ஆறு பேர் மேசையிலும் அதையே செய்தது. அவர்களுக்கெல்லாம் ஆட்டம் தெரியாதா? தெரியாது என்றால் உங்கள் கட்டுரையாளரை அனுப்பி வையுங்கள், சொல்லிக்கொடுத்துவிட்டு வரட்டும். அவர்களையாவது எதிரே இருப்பது எந்திரம் என்று சொல்லி உட்கார வைத்தார்கள்.

என் அக்கா மகனிடம் யாரும் சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் என் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறவன். வெள்ளி விலை ஏறி ஆர்டர் படுத்த சமயத்தில் போனில் போக்கர் பிடித்துக்கொண்டான். சீட்டில் கெட்டிக்காரன்; எங்கள் தெருவில் ரம்மிக்கு அவனோடு உட்கார யோசிப்பார்கள். நள்ளிரவு தாண்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பெயர்கள் எப்போதும் சேர்ந்தே மேசைக்கு வரும். ஒன்று பந்தயத்தை ஏற்றினால் மற்றது சீட்டைக் கவிழ்த்துவிடும், அல்லது இரண்டுமாக ஏற்றி நடுவில் இருப்பவனை நசுக்கும். கை நல்லதோ மோசமோ, பொத்தானை அழுத்த ஒரே அளவு நேரம். கொட்டாவி கிடையாது, கோபம் கிடையாது. சாப்பிட்டாச்சா என்று எழுதிக் கேட்டான், பதில் இல்லை. எரிச்சலில் கெட்ட வார்த்தை போட்டான், அதற்கும் பதில் இல்லை. காசு வைத்து ஆடுகிற மனிதன் எவனாவது அதைப் பொறுத்துக்கொள்வானா ஐயா?

இதற்கு லிப்ராட்டஸ் அளவு மூளைகூட வேண்டாம். திரையில் விழும் சீட்டைப் படித்து, கணக்குப் போட்டு, தானே அழுத்தும் ஒரு மென்பொருள் போதும். ஒருவனே அப்படி இரண்டு மூன்று கணக்கு வைத்து ஒரே மேசையில் இறக்கினால், ஒன்றின் சீட்டு மற்றதற்குத் தெரியும். நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினோம். உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம் என்று கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. அதை எழுதியதும் ஆள்தானா என்பது சந்தேகமே. யார் ஜெயித்தாலும் ரேக் என்று ஒரு பங்கு அவர்கள் கல்லாவுக்குப் போகிறது. பாட் உட்கார்ந்தாலும் மேசை நிறைகிறது. விரட்ட அவர்களுக்கு என்ன அவசரம்?

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. இருக்கட்டும். பாட் ஆடும் மேசையில் அந்தத் திறமை யாருடையது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பல நாளாக நெஞ்சில் கிடக்கிறது. தோப்பில் பணம் வைத்துச் சீட்டாடிய நால்வர் கைது என்று எங்கள் சேலம் பதிப்பில் அடிக்கடி மூன்று வரிச் செய்தி வரும். பெயர், வயது, தகப்பன் பெயர், பறிமுதலான சில்லறை உட்பட எல்லாம் இருக்கும். அதே பத்திரிகையில் ஒரு நடிகர் சிரித்துக்கொண்டு முழுப்பக்கத்துக்குச் சீட்டாடக் கூப்பிடுவார்; கீழே பொறுப்புடன் விளையாடுங்கள் என்று ஒரு புத்திமதி. தோப்பில் ஆடியவர்களாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆடினார்கள். சீட்டை ஒளித்தால் கையைப் பிடிக்கலாம். கொரோனா காலத்தில் இதையே எழுதினேன். விளம்பரம் பற்றிய பத்தியை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தை வெளியிட்டீர்கள். இடப்பற்றாக்குறை போலும்.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்துவிட்டது. விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். உங்கள் முழுப்பக்கம் இப்போது காலியாக இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன், மனம் மாறியதால் அல்ல. ஆனால் வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் இன்னமும் பையன்களின் போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

மறுப்புக் கட்டுரை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், இணையப் பண மோசடிக்கு அழைக்க வேண்டிய எண் 1930 என்று ஒரு வரி போடுங்கள். (தோப்பில் ஆடுபவர்களைப் பிடிக்கிற சூதாட்டச் சட்டமும் 1930-ஆம் ஆண்டுச் சட்டம்தான், அதனால் உங்கள் நிருபர்களுக்கு மறக்காது.) என் பெயரைப் போட வேண்டாம். அக்கா உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்-2.