விஜிக்கு: பாம்பாற்றோடு ஒரு நாள்

மதுரை,
மாசி முதல் வாரம்

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை உன் அண்ணன் சொல்லிக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறார்கள், நீ கவலைப்படாதே. "விஜி எப்போ வர்றா?" என்று கேட்டார். இந்த வருஷக் கடைசிக்குள் வருவாள் என்று நானாகவே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் உன் ஊர்ப் பக்கம் ஸ்பிரிங்புரூக் மழைக்காட்டில் பிள்ளைகளோடு நடந்த வட்டப் பாதையைப் பற்றி நீ எழுதியிருந்ததை என் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். அருவி விழும் தண்ணீருக்குப் பின்பக்கமாகவே பாதை போகிறது என்ற இடத்தில் அவள் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை கேட்டாள். பாறைக் குளத்தில் இறங்கியதும் தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படிக்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் கடைசியில், "நம்ம ஊர்ப் பக்கம் இப்படி ஒரு காடு இல்லாமல் போச்சே" என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். இருக்கிறது விஜி. நாம் காலேஜ் படிக்கும்போது பஸ்ஸில் அதன் அடிவாரத்துக்குப் போய்க் குளித்துவிட்டும் வந்திருக்கிறோம். கும்பக்கரை அருவி ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று அப்போது நாம் கேட்டதே இல்லை.

தை மாதம் நானும் மகளும் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் அந்தத் தண்ணீரோடு மேலிருந்து கீழே நடந்து வந்தோம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல். அங்கே இரவு தங்கி, காலையில் வட்டக்கானலில் ஆரம்பித்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக இறங்கினால் சாயங்காலம் கும்பக்கரை. அப்புறம் பெரியகுளத்தில் பஸ் பிடித்து மதுரை. உன் வட்டப் பாதை அரை நாளில் முடிந்தது, எங்கள் வட்டத்தில் பாதி பஸ், பாதி நடை. கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து தரைக்கு இறங்குகிறோம் என்பதால் காடு மாறிக்கொண்டே வருகிறது. ஒரே நாளில் இத்தனை காட்டைப் பார்க்க வேறெங்கே போவது!

வனத்துறையில் அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான் போனோம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தது உனக்கும் தெரியும். அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தார்கள். சிலர் அதைத் தொந்தரவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி வெள்ளகவிக்காரர். எந்தத் திருப்பத்தில் காட்டுமாடு நிற்கும், எந்தப் பாறை ஈரத்தில் வழுக்கும் என்று அவருக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் கிடையாது.

காலையில் வட்டக்கானலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பாம்பாறு அங்கேதான் சோலை என்கிற மலைக்காட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. நம் சின்ன வயசில் லிரில் சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண் அருவியில் ஆடிக் குளிப்பாளே, அது படமானது இந்தப் பாம்பாற்று அருவியில்தான். இன்றைக்கும் லிரில் அருவி என்றால்தான் பலருக்குத் தெரிகிறது. அந்த அருவியைத் தாண்டும் தண்ணீர்தான் மலையை விட்டிறங்கிக் கும்பக்கரையில் நம் தலையில் விழுந்திருக்கிறது. இதை நான் இந்த வயசில்தான் தெரிந்துகொண்டேன்.

சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்துவிடுகிறது. மரங்கள் உன் ஊர் மழைக்காட்டு மரங்களைப் போல அண்ணாந்து பார்க்கிற உயரமில்லை. மலை உச்சிக் காற்றுக்கும் குளிருக்கும் குட்டையாகி, முறுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று தலையைச் சேர்த்து நிற்கின்றன. அடிமரத்திலிருந்து கிளை நுனி வரை பாசி. பாசியின் மேல் பெரணி, பெரணிக்கு நடுவில் ஆர்க்கிட். மழையே இல்லை, ஆனால் எங்கள் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. மூடுபனி வந்து பாசியில் மோதித் தண்ணீராகி இறங்குகிறது என்று தம்பி சொன்னார். ஒரு கை இலைச்சருகை அள்ளி என் மகளிடம் கொடுத்தார். மேலே காய்ந்த இலை, அதற்குக் கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே கறுப்பு மண். நனைந்த சாக்கைப் பிழிந்தது போல விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. மாதக் கணக்கில் மழை பெய்யாமல் போனாலும் ஓடை வற்றாததற்குக் காரணம் இதுதான். பெய்கிற மழை அப்படியே ஓடிவிடாமல் இந்த மக்கிலும் மேலே இருக்கிற புல்வெளியிலும் இறங்கித் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓடைக்கு வருகிறது.

இங்கே உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. சோலையை ஒட்டி மேட்டில் புல்வெளி இருந்த இடமெல்லாம் இப்போது வாட்டில் மரமும் யூகலிப்டஸும். இரண்டும் உன் ஊர் மரங்கள், விஜி! விறகுக்கும் பட்டைக்கும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து நட்டவை, பிற்பாடு ஏக்கர் கணக்கில் பெருகிவிட்டன. உன் ஊரில் அவற்றைத் தின்னப் பூச்சி இருக்கும். இங்கே தட்டிக் கேட்க ஆள் இல்லை. வாட்டில் விதை மண்ணுக்குள் வருஷக் கணக்கில் கிடந்து, தீ பட்டதும் முளைக்கிறது. சோலை மரத்தின் கன்றோ வெட்டவெளி உறைபனியில் கருகிவிடும், அதற்குத் தாய்மரத்தின் நிழல் வேண்டும். அதனால்தான் சோலை மலையின் மடிப்புகளுக்குள்ளேயே ஒடுங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் உன் கண்டமும் நம் நாடும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தவை. நீ நடந்த காட்டுக்கே அந்தப் பழைய நிலத்தின் பெயரைத்தானே வைத்திருக்கிறார்கள், கோண்டுவானா என்று. அங்கே காப்பாற்றுகிறார்கள். இங்கேயும் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பாம்பாற்றுச் சோலைக்கு மேலே இருந்த தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றி நீயும் படித்திருப்பாய். பாதரசம் மண்ணில் கலந்து, 2001-ல் ஆலையை மூடினார்கள். சோலையின் நீர் எங்கெல்லாம் போகிறது என்று நடந்து பார்த்த பிறகு அந்தச் செய்தி எனக்கு வேறு மாதிரி கனக்கிறது.

டால்பின் நோஸ் பாறை வரை கூட்டம், கடைகள், சோளக்கருது வாசனை. அதுவரை மரவேர்கள்தான் படிக்கட்டு. அதற்கப்புறம் சட்டென்று அமைதி. இறக்கம் செங்குத்து. முழங்கால் நடுங்க ஆரம்பித்ததும் தம்பி ஆளுக்கொரு மூங்கில் கம்பு வெட்டிக் கொடுத்தார். மூச்சு வாங்குவது ஏற்றத்தில், கால் வாங்குவது இறக்கத்தில்.

நாங்கள் போனபோது வெள்ளகவிக்கு வண்டி போகிற ரோடு இல்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் குதிரை முதுகில் வருகின்றன. உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையிலேயே நாங்களும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வீடு காப்பிப் பழம் காயப் போட்டிருந்தார்கள். ஒரு ஆத்தா, "எங்கிருந்தும்மா வாரீக?" என்று கேட்டு, மதுரை என்றதும் திண்ணையில் உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தார். கருப்பட்டி போட்டது. காசு நீட்டினேன், முகம் சுண்டிப் போயிற்று. உடனே மடக்கி வைத்துக்கொண்டு, கட்டிவந்த புளியோதரையில் பாதியை அவர் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வைத்தேன். அதை வாங்கிக்கொண்டார். இவ்வளவு தூரம் பிரசவ வேதனையோடு ஒரு பெண் எப்படி நடந்து போவாள் என்று மகள் கேட்டாள். ஆத்தா தன் மருமகளைக் காட்டி, "இவளைக் கேளு" என்றார். அந்தப் பெண் எட்டாம் மாசமே கீழே போய் அம்மா வீட்டில் இருந்துகொண்டாளாம். ரோடு வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம். காட்டை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் அதற்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இந்த ஊர் கொடைக்கானலுக்கு மூத்தது, தெரியுமா? 1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி குன்னுவர் என்ற மலைமக்களின் இந்தக் கிராமத்தில் தங்கித்தான் மேலே ஏறி மலையை அளந்தார். நம் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குத் தப்பி மேலே வீடு கட்டியது 1845-ல்.

வெள்ளகவிக்குக் கீழே வெயில் வந்துவிட்டது. பாசி போய், மூங்கில் வந்து, அதுவும் போய் முள்ளும் காய்ந்த புல்லும் வந்தன. ஸ்வெட்டர் பைக்குள் போயிற்று. பள்ளத்தில் ஆறு ஓடும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி இறக்கத்தில் தண்ணீரைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடப் பார்த்தார்கள். தம்பி கையை நீட்டி மறித்துவிட்டார்.

நீ பிள்ளைகளோடு வரப்போகிறாய் என்பதால் இதை விவரமாகச் சொல்கிறேன். கும்பக்கரைப் பாறையில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன. கெஜம் என்கிறார்கள். யானைக் கெஜம், பாம்புக் கெஜம், அண்டா கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். தண்ணீர் வடிந்து கிடந்த ஒரு சின்னக் குழியைத் தம்பி காட்டினார். குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன். வாய் ஒரு முழம்தான். உள்ளே போகப் போகச் சுவர் அகலமாகிறது. கைவைத்தால் வழவழவென்று நழுவுகிறது, விரல் பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை. அடியில் நாலைந்து உருண்டைக் கற்கள். வெள்ளத்தில் அந்தக் கற்கள் சுழன்று சுழன்றுதான் இவ்வளவு பெரிய பாறையைக் குடைந்திருக்கின்றன. பெரிய கெஜங்களில் மேலே தண்ணீர் அசையாமல் பச்சையாக நிற்கும், அடியில் சுழல் இழுக்கும். நல்ல நீச்சல்காரனும் உள்ளே போனால் ஏற வழியில்லை. எத்தனையோ பிள்ளைகள் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். உன் மகன் அங்கே பாறையிலிருந்து குதித்து நீந்துகிற பழக்கத்தோடு இங்கே வருவான். வருவதற்கு முன்பே அவனிடம் உட்கார்ந்து பேசு.

வெள்ளம் வருவதும் அப்படித்தான். கீழே பளீரென்று வெயில் அடிக்கும். மேலே வட்டக்கானலில் ஒரு மழை கொட்டியிருந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் இங்கே வந்து சேரும். முதலில் சருகும் சுள்ளியும் மிதந்து வரும், தண்ணீர் நிறம் கலங்கும், சத்தம் கனக்கும். அந்த அடையாளம் தெரிந்தால் துணியைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும். வனத்துறை குளிக்கத் தடை போட்டிருந்தால், வெயில்தானே அடிக்கிறது என்று யாரும் வாதாட வேண்டாம்.

சரி, பயமுறுத்தியது போதும். குளிக்க விடுகிற இடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுடிதாரோடு தலையைக் கொடுத்தேன். அடேயப்பா! தோள் வலி, முழங்கால் வலி, பரீட்சைத் தாள் திருத்திய கழுத்து வலி எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பக்கத்தில் தேனிப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் சேலையோடு நின்று குலவை போட்டுக் குளித்தார்கள். எங்களையும் கையைப் பிடித்து இழுத்து உள்ளே நிறுத்திக்கொண்டார்கள். காலையில் என் மகள் கையில் பிழிந்த அதே ஈரம் இது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. இந்தப் பாம்பாறு வராக நதியில் சேர்ந்து, வராக நதி வைகையில் சேர்கிறது. நம் ஊர் ஆறு, விஜி.

உங்கள் பள்ளிக்கூட விடுமுறை டிசம்பர், ஜனவரி தானே? ரொம்பப் பொருத்தம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஆற்றில் தண்ணீரும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். ஈரம் குறைவதால் அட்டைத் தொல்லையும் குறைவு. பழைய ஷூவே போதும், ஆனால் அடி தேயாததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதே, கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்ததெல்லாம் தடை. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், நாம் பஸ்ஸிலேயே போய்விடலாம். உன் முழங்காலுக்கு முழு இறக்கம் முடியாது என்றால், வட்டக்கானல் சோலையில் ஒரு காலை, கும்பக்கரையில் ஒரு மத்தியானம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் சோலையை விட்டுவிட்டு அருவிக்கு மட்டும் போவது என்ற பேச்சே வேண்டாம், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

டிக்கெட் தேதி முடிவானதும் எழுது. அனுமதிக்கு முன்கூட்டியே கேட்க வேண்டும், தம்பியிடமும் சொல்லி வைக்க வேண்டும். வரும்போது ஆத்தாவுக்கு ஒரு நல்ல கம்பளிச் சால்வை வாங்கி வாடி, அந்தக் குளிருக்கு அவர் போர்த்தியிருந்தது கிழிந்த பெட்ஷீட்.

அன்புடன்,
மங்கை