லென்ஸ் வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

85 மி.மீ. லென்ஸில் 1.4 வாங்குவதா, 1.8 வாங்குவதா என்று அம்மாவிடம் கேட்டிருந்தாய். இந்த எண் சிறியதாக ஆக லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம் என்பது உனக்குத் தெரியும். நீ அவளிடம் கேட்டு, அவள் என்னிடம் கேட்டு, நான் சொன்னதை அவள் பாதி மறந்து உனக்குச் சொல்வதைவிட, நேராக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டுக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு ஒரு முழு ஸ்டாப்புகூட, அதாவது இரண்டு மடங்குகூட, இல்லை. விலையோ பல மடங்கு. உன் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 85 மாட்டினால் ஏறத்தாழ 128 மி.மீ. லென்ஸின் பார்வைதான் கிடைக்கும். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் இருவரையும் அதற்குள் அடக்க வேண்டுமென்றால், நீ பின்வாங்கிப் பின்வாங்கிப் பந்தி நடக்கும் இடத்தில்தான் போய் நிற்பாய். அதோடு, இரண்டு மீட்டர் தூரத்தில் 1.4-ஐ முழுதாகத் திறந்து வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். பெண்ணின் மூக்குத்தி கிடைத்தால் காதுத் தோடு கிடைக்காது. எப்படியும் நீ 2.8-க்கோ 4-க்கோ இறக்கித்தான் எடுப்பாய். பிறகு எதற்கு அந்த விலை? 50 மி.மீ. 1.8 போதும். உன் கேமராவில் அது 75 போல வேலை செய்யும். முகத்துக்கு அது நல்ல நீளம். அதற்கு மேலும் 85 வேண்டும் என்று தோன்றினால், ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். கடன் போட்டு வாங்க வேண்டாம். தவணையிலும் வேண்டாம்.

பெரியத்தை வீட்டு வளைகாப்பில் மதினியின் மூக்கு பெரிதாக விழுந்ததற்கு நீ கேமராவோடு வந்த கிட் லென்ஸைக் குறை சொன்னாய். 18 மி.மீ.-இல் வைத்துக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அப்படித்தான் காட்டும். முகத்தின் அளவுகள் நாம் நிற்கும் தூரத்தைப் பொறுத்தவை. ஆகவே முதலில் எங்கே நிற்பது என்று முடிவு செய். அங்கிருந்து சட்டத்துக்குள் எவ்வளவு வேண்டும் என்பதற்கு மட்டும் லென்ஸைத் தேர்ந்தெடு. மதினி அந்தப் படத்தை இன்னும் மறக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

லென்ஸுக்கு முன்னால் வெளிச்சம். இதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வடக்கு ஜன்னலில் என் வேட்டியை ஒற்றையாக விரித்துக் கட்டி, ஆச்சியைப் பக்கவாட்டில் பத்தமடைப் பாயில் உட்கார வைத்து, மறுபக்கம் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வைத்து நீ எடுத்த படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. கன்னத்துச் சுருக்கங்களில் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் மெல்லிய நிழலுமாக நிற்கிறது. காதில் தொங்கும் பாம்படத்தின் வளைவில் ஜன்னல் ஒரு சிறு கோடாகத் தெரிகிறது. பாயின் கோரை இழை தனித்தனியாக விழுந்திருக்கிறது. ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன் சொல்கிறேன், அந்தப் படத்தில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும்விட, ஆச்சியை நீ வெளுக்க வைக்கவில்லை. ‘கொஞ்சம் கலராக எடுங்கள்’ என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அதற்கென்றே நெகட்டிவில் பென்சில் தீட்டும் ஆட்கள் அந்நாளில் இருந்தார்கள். கருத்த முகத்துக்காக எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கூட்டினால் பின்னால் உள்ள சுவரும் துணியும் வெளிறிப்போகும். விளக்கின் பரப்பைப் பெரிதாக்கி, நெருக்கமாகவும் சற்றுப் பக்கவாட்டிலும் கொண்டுவந்தால், தோலின் மினுமினுப்பே முகத்துக்கு உருவம் கொடுத்துவிடும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும் என்பதால், விளக்கை முகத்துக்கு அருகில் வைத்த அளவில் பின்சுவரும் தானாக இருண்டுவிடும். தனியாகக் கறுப்புத் துணி கட்ட வேண்டியதில்லை. இவ்வளவு தெரிந்த பிள்ளை, கல்யாண வீட்டில் மட்டும் ஏன் மேலேயிருந்து அடிக்கும் விளக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு எடுக்கிறாய் என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்போது நீ டிரைவில் போட்டிருந்த புதிய படங்களுக்கு வருகிறேன். மூலக்கோப்புகளாகவே போட்டிருந்ததால் ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறன் அளவு, ஷட்டர் திறந்திருந்த அளவு, எடுத்த நேரம் எல்லாம் கூடவே வந்திருக்கின்றன. நேரத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் பார்க்கவில்லை, ஐ.எஸ்.ஓ.வைத் தேடும்போது கண்ணில் பட்டது. மொட்டை மாடியிலிருந்து எடுத்த அந்தக் காலித் தெரு படங்கள் எல்லாமே இரவு இரண்டு, மூன்று மணிக்கு எடுத்தவையாக இருக்கின்றன. ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் முப்பதில் ஒரு விநாடி என்று கையில் பிடித்தே எடுத்திருக்கிறாய். நிழல் முழுவதும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. கேமராவை ஒரு டிரைபாடில், அது இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 100-க்கு இறக்கினால் இரண்டு விநாடியில் அதே வெளிச்சம் கிடைக்கும்; தெருவில்தான் ஆள் நடமாட்டமே இல்லையே, எது அசையப்போகிறது? எடிட்டிங் வேலை இரவில்தான் நடக்கும் என்று நீ அம்மாவிடம் சொன்னதை நான் நம்புகிறேன். எடிட்டிங் முடித்தவுடன் படுத்துக்கொள்ளலாமே என்று மட்டும் தோன்றியது.

அறையில் நீ உன்னையே எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து, கண்ணுக்குக் கீழே ஏன் இப்படிக் குழி விழுந்திருக்கிறது என்று அம்மா கேட்டாள். உச்சியில் டியூப்லைட் இருந்தால் எல்லார் முகத்திலும் புருவத்தின் நிழல் கண்ணில் விழும், அது வெளிச்சத்தின் கோளாறு என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினேன். அடுத்த வாரம் ஜன்னலுக்கு நேராக நின்று எடுத்த படத்தையும் நீயே அனுப்பினாய். நேர் வெளிச்சம், மென்மையான வெளிச்சம், நிழலுக்கு வழியே இல்லை. குழி அப்படியே இருக்கிறது. வெளிச்சத்தின் மேல் பழி போட எனக்கு இனி இடமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் அறையிலேயே ஒரு பருப்பும் ரசமும் வைத்துக்கொள். உடன் இருக்கும் பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். நீ வேலை செய்த இடத்தில் பாக்கியைக் கொடுத்துவிட்டார்களா என்பதை நான் கேட்கவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் வீடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாலி கட்டும் காட்சியில் படம் முழுவதும் வெளிச்சம் அலை அலையாகத் துடிக்கிறது. ஷட்டரை அறுபதில் ஒன்றில் வைத்திருக்கிறாய். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஐம்பதில் ஒன்றோ நூறில் ஒன்றோ வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் தெரியாது. விநாடிக்கு 25 பிரேம் எடுக்கிறாய் என்றால் ஐம்பதில் ஒன்றே அசைவுக்கும் ஏற்றது. சீரியல் செட்டும் எல்.இ.டி. சுவரும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் போகலாம். அவற்றை முன்கூட்டியே எடுத்துப் பார்த்துவிடு. விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே. குத்துவிளக்கின் மஞ்சளும் மேடை விளக்கின் நீலமும் மாறி மாறி வரும்போது, ஒரே ஷாட்டில் பெண்ணின் புடவை இரண்டு நிறம் காட்டுகிறது.

இதையே வெயிலில் நினைத்துப் பார். ஐ.எஸ்.ஓ. 100-இல் உச்சி வெயிலுக்குத் திறப்பு f/16, ஷட்டர் நூறில் ஒன்று என்பது பிலிம் காலத்துப் பழைய கணக்கு. வீடியோவுக்கு ஐம்பதில் ஒன்று வைத்தால் f/22-க்குப் போக வேண்டும். உனக்கோ 2.8 வேண்டும். 22, 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று ஆறு படி. ஆகவே லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தை ஆறு ஸ்டாப் குறைக்கும் என்.டி. 64 பில்டர். லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் இதை வாங்கு.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு நீ வருவாய் என்று நினைத்துத்தான் மேற்படிக் கணக்கையெல்லாம் எழுதுகிறேன். ரத வீதியில் காலையில் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் கட்டட நிழலுமாக இருக்கும். வடம் பிடிப்பவர்களில் பாதிப்பேர் வெள்ளை வேட்டி. கேமராவின் ஒளி மீட்டர் எதைக் கண்டாலும் அதை நடுச்சாம்பலாக்கவே பார்க்கும் என்பதால் வேட்டிக் கூட்டத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டியும், கிருஷ்ணாபுரத்துக் கருங்கல் சிலைகளுக்கு ஒரு ஸ்டாப் குறைத்தும் வைக்க வேண்டும். வெளிறிய இடத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. போன முறை தேர்ச் சக்கரத்தடியில் கிளம்பிய புழுதியை, பின்வெயிலுக்கு அளவு வைத்து, நிழலை நிழலாகவே விட்டு நீ எடுத்தாயே, அதுபோல. அதை டவுனில் பார்க்காத ஆள் இல்லை. இந்த ஆண்டு விடுப்பு கிடைக்காது என்று அம்மாவிடம் சொன்னாயாம். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கற்றுக்கொள்ளப் போனவளுக்கு யார் விடுப்புக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

புதிய லென்ஸுக்குப் பதில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் என்று நீ சொன்னதும் சரிதான். ஆனால் கடற்கரை ஊரின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கும். இரண்டு மூடிகளையும் கழற்றி, திறப்பைக் கூட்டிக் குறைக்கும் டயபிரமை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் போலத் தெரியும். டயபிரம் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. போகஸ் வளையம் எங்கும் சிக்காமல் சுற்ற வேண்டும். இதை இரண்டு கண் பார்ப்பதைவிட நான்கு கண் பார்ப்பது நல்லது. ஆகவே தேர் முடிந்த மறுநாள் நெல்லை எக்ஸ்பிரஸில் நானும் அம்மாவும் கிளம்புகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே. எங்களை எங்கே தங்க வைப்பது என்று யோசிக்காதே. சித்தப்பா வீட்டில் இருந்துகொள்வோம். அவர் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா