குறைந்தது கொழுப்பு மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமையலராக இருக்கிறேன். வயது 54. தலைமையாசிரியர் படித்து முடித்த பத்திரிகையை, மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்து படிப்பது என் வழக்கம். போன வருடம் ஏப்ரலில் ஒருநாள் உங்கள் பத்திரிகைக்குள் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. ‘45 நாளில் 8 கிலோ குறைப்பு உறுதி’ என்று போட்டிருந்தார்கள். அதை நம்பிப் போனதில் எனக்கு நேர்ந்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்போது என் எடை 71 கிலோ. உயரம் 5 அடி. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சோதித்த பெண், ‘சுகர் வரம்புல வந்து நிக்குதுக்கா, எடையக் கொறைங்க’ என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரிதான். நான் குறைத்த விதம்தான் தப்பு.

கோடை விடுமுறை விட்டதும் நோட்டீஸ் போட்ட எடை குறைப்பு நிலையத்தில் சேர்ந்தேன். காலையும் இரவும் அவர்கள் கொடுத்த மாவில் கஞ்சி, மதியம் ஒரு கிண்ணம் காய். முட்டை, மீன், பருப்பு மூன்றும் கூடாது. சாயந்திரம் ஒரு மணி நேரம் நடை. ஜூனில் பள்ளி திறக்கும்போது 63 கிலோ. ரவிக்கையெல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. பார்த்த டீச்சர்கள் எல்லாம் நோட்டீஸில் இருந்த நம்பரைக் கேட்டார்கள். நானும் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பள்ளி திறந்த இரண்டாம் நாள் சாம்பார் சாதம். 85 பிள்ளைகளுக்கு 8.5 கிலோ அரிசி. பருப்பு, காய், தண்ணீர் எல்லாம் சேர்ந்து அண்டா 30 கிலோவைத் தாண்டிவிடும். நானும் உதவியாளரும் பழந்துணியால் ஆளுக்கொரு காதைப் பிடித்து இறக்குவோம். 19 வருடமாக இப்படித்தான். அன்றைக்கு என் பக்கம் எழும்பவே இல்லை. மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். அடுப்பை விட்டு ஒரு சாண் மேலே வந்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. விரல்கள் தானாக விரிந்துவிட்டன. அண்டா என் பக்கமாகச் சாய்ந்து, கொதிக்கிற சாதம் வலது பாதத்தில் கொட்டியது. பிள்ளைகள் யாரும் அப்போது சமையலறைப் பக்கம் வரவில்லை. அந்த நிம்மதியில்தான் எரிச்சலைத் தாங்கிக்கொண்டேன்.

புண்ணுக்குக் கட்டுப்போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தேன். அங்கிருந்த டாக்டரம்மா, அண்டா ஏன் நழுவியது என்று துருவித் துருவிக் கேட்டார். கால் ஆறிய பிறகு ஒருநாள் நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி செல்போனில் நேரம் பார்த்தார். 16 விநாடி ஆனது. 12 விநாடிக்குள் முடிந்திருக்க வேண்டுமாம்.

‘நீங்க கொறைச்ச எட்டு கிலோ கொழுப்பு மட்டும் இல்லம்மா’ என்றார். சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்து, புரதமும் இல்லாமல், பளு தூக்கும் வேலையும் இல்லாமல் இருந்தால் உடம்பு தசையையும் சேர்த்துக் கரைக்கும். சாதாரணமாக எடை குறைக்கும்போதே போகிற எடையில் கால்வாசி வரை தசையாக இருக்கலாம். வேகமாகக் குறைத்தால் இன்னும் கூடும். மாதவிடாய் நின்ற வயதில் தசை எப்படியும் தேய்கிறது. பள்ளி நாட்களில் அண்டாவும் அரிசி மூட்டையும் தூக்கியாவது தசை ஓரளவு நின்றது. விடுமுறையில் அதுவும் இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேருமிடம் தசைதான் என்றும் சொன்னார். சர்க்கரைக்குப் பயந்து எடை குறைத்தவள், சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடத்தையே குறைத்திருக்கிறேன்.

நம் பேச்சிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ‘சதை போட்டுட்ட’, ‘சதை கொறையணும்’ என்கிறோம். கொழுப்பும் சதைதான், தசையும் சதைதான் நமக்கு. எடை மெஷினுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் ஜூலைக்குள் 66 ஆகிவிட்டது. ஏறியது பெரும்பாலும் கொழுப்பு. அப்புறம் டாக்டரம்மா சொன்னபடி முதலிலிருந்து தொடங்கினேன். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. எடை குறைக்கும்போது அதை 1.2 கிராம் அளவுக்கு உயர்த்தச் சொன்னார். 66 கிலோவில் இருந்த எனக்கு அது நாளைக்குச் சுமார் 79 கிராம்.

வாரம் ஐந்து நாளும் பிள்ளைகளுக்கு முட்டை அவித்து உரித்து வைக்கிறவள் நான். அது வளர்கிற பிள்ளைகளுக்குத்தான், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது கடையில் தனியாக வாங்கி வீட்டில் தினம் இரண்டு சாப்பிடுகிறேன். அதில் 12 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். பாலும் தயிருமாக 400 மில்லியில் 13 கிராம். மத்தி மீன் 100 கிராமில் 20 கிராம் வரை கிடைக்கும். மீன் கிடைக்காத நாளில் 40 கிராம் சோயா உருண்டை. மீதி பருப்பிலும் இட்லியிலும் வந்துவிடுகிறது. சோற்றைப் பாதியாக்கினேன், நிறுத்தவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சி. நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, 5 லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பி இரண்டு கையிலும் பிடித்துத் தூக்குவது. முதலில் கேனில் பாதிதான் தண்ணீர். மூன்றாவது வாரம் முக்கால், பிறகு முழுக் கேன். ‘நாங்கதான் நாளெல்லாம் வேலை பாக்குறமே’ என்று எங்கள் தெருப் பெண்கள் கேட்பார்கள். தினமும் ஒரே பாரத்தையே தூக்கிக்கொண்டிருந்தால் தசை இருக்கிற அளவோடு நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டினால்தான் அது வளரும்.

இப்போது 60 கிலோ. முதல் தடவையைவிட மூன்று கிலோ குறைவு, ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. இடுப்பு 37 அங்குலத்திலிருந்து 33-க்கு வந்திருக்கிறது. பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டுமாம், இன்னும் கொஞ்சம் போக வேண்டும். நாற்காலியில் ஐந்து தடவை எழ 10 விநாடி ஆகிறது. அண்டா என் பக்கமும் சமமாக எழும்புகிறது.

அரசுக்கு உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். 2023-ல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ நல்ல திட்டம். 8 கிலோமீட்டர் நடந்து முடிப்பவர்களுக்கு அங்கேயே கால் மணி நேரம் தசைக்கான பயிற்சியும் சொல்லிக்கொடுக்கலாம். வீடுவீடாக வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறவர்கள் இந்த நாற்காலிச் சோதனையையும் செய்து பார்க்கலாம். அதற்கு ஒரு நாற்காலியும் செல்போனும் போதும்.

போன வாரமும் பத்திரிகைக்குள் அதே நோட்டீஸ் இருந்தது. இந்தத் தடவை 10 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். இன்னும் சில வாரத்தில் கோடை விடுமுறை வருகிறது. அதற்கு முன் இந்தக் கடிதத்தை வெளியிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு சத்துணவு சமையலர்,
சிவகங்கை மாவட்டம்.