கீசரைக் கடைசியில் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை பிடித்துவிட்டால் ஏற்காட்டில் விறகு காயாது. பழைய ஓட்டு வீடுகளில் புறக்கடைச் செம்பு பாய்லரைக் கழற்றிவிட்டு கீசர் மாட்டும் வேலை ஐப்பசியில் மும்முரமாவது அதனால்தான். ஆனால் பலரும் முதலில் சேலத்துக்கு இறங்கி கீசரை வாங்கி வந்துவிடுகிறார்கள். வயர், பைப், சுவர் பற்றிய யோசனை எல்லாம் அப்புறம்தான் வருகிறது. இந்த வரிசை தலைகீழ்.

கீழே சேலத்தில் ஒத்துவரும் கீசர் மேலே மலையில் ஒத்துவராது. குளிக்க 41 டிகிரி வெந்நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேலத்துத் தொட்டியில் 27 டிகிரியில் இருக்கும் தண்ணீர், மார்கழிக் காலையில் மலைமேல் 16 டிகிரியில் இருக்கலாம். தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் சேலத்தில் நிமிடத்துக்கு 3 லிட்டர் தரும். 20 லிட்டர் வாளி ஏழு நிமிடத்தில் நிரம்பிவிடும். அதே கீசர் மலையில் 1.7 லிட்டர்தான் தரும், வாளிக்குப் பன்னிரண்டு நிமிடம். கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாலு பேர் வீட்டுக்கு தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரே சரி. 60 டிகிரிக்குச் சூடான தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் இரண்டு வாளி தாராளமாகத் தேறும். மறுபடி சூடேற 2 கிலோவாட் காயிலுக்கு 40 நிமிடம் பிடிக்கும். லைன் கடைசியில் உள்ள வீடுகளில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் அந்த 2 கிலோவாட் 1.4க்கும் கீழே போய்விடும், 40 நிமிடம் ஒரு மணி நேரத்தைத் தொடும்.

அடுத்தது வயரிங். ஆபத்து இங்கேதான் அதிகம். 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் வரை இழுக்கும், 3 கிலோவாட் 13 ஆம்பியர். மரக்கட்டை மேல் ஓடும் பழைய வயரும் 5 ஆம்பியர் பிளக்கும் இதற்கானவை அல்ல. மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும்: 2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 3 கிலோவாட்டுக்கோ தூரம் அதிகமென்றாலோ 4 சதுர மி.மீ. கூடவே பளு மிஞ்சினால் லைனைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எர்த் இல்லாத வீட்டில் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் கீசர் உடம்பு முழுக்கக் கரண்ட் வரும், குழாயைத் தொட்டவர் கதி அவ்வளவுதான். எர்த் குழி தோண்டாமல் கீசர் மாட்டவே கூடாது.

தண்ணீர் நிரம்பிய 25 லிட்டர் கீசர் 35 கிலோவுக்குக் குறையாது. கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது, சாந்து உதிர்ந்து கழன்றுவிடும். சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு மறுபுறம் இரும்புத் தகடு கொடுங்கள், இல்லையென்றால் தரையில் ஸ்டாண்ட் வையுங்கள்.

புறக்கடை பாய்லரிலிருந்து வரும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அப்படியே கீசருக்குக் கொடுப்பதும் வீண். 30 அடி அரை இஞ்ச் பைப்பில் ஏறக்குறைய 2 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதைக் கீழே விட்ட பிறகுதான் சூடு வரும். கீசரைக் குளியலறைச் சுவரிலேயே வைத்து, வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப் போடுங்கள். வெள்ளை பிவிசி 60 டிகிரிக்கு இளகிவிடும். சேஃப்டி வால்வ் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள்: 16லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 25 லிட்டர் தண்ணீர் 400 மில்லி விரிகிறது, அது வெளியேற அந்த ஒரு வழிதான்.

சோலார் வைக்க நினைப்பவர்கள் கூரையைப் பாருங்கள். 100 லிட்டர் சோலார் தண்ணீரோடு 150 கிலோ வரும், மங்களூர் ஓட்டுச் சட்டம் தாங்காது. டேங்க் மேடையோ தரை ஸ்டாண்டோதான் வழி. தண்ணீர்த் தொட்டியின் அடிமட்டம் சோலார் டேங்கின் உச்சிக்கு மேலே இருக்க வேண்டும். காலியான கண்ணாடிக் குழல்களில் உச்சி வெயிலில் தண்ணீர் விட்டால் விரிசல் விடும், விடியற்காலையில் நிரப்புங்கள். பனிமூட்ட நாட்களில் சோலார் கைகொடுக்காது, மின் காயில் துணைக்கு இருந்தே ஆக வேண்டும். அப்படியானால் வயரிங் செலவு அதிலும் உண்டு.

கேஸ் கீசரை ஜன்னல் சாத்திய குளியலறைக்குள் வைக்கவே கூடாது. கரித்தட்டு வைத்துப் படுக்கையறையை மூடுவதும் அதே ஆபத்து: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். பழைய புகைபோக்கி ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இருந்தால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து முழுசாகக் கழற்றுங்கள். செம்பு பாய்லரை மட்டும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். மழைக்காலத்தில் கரண்ட் போகும் நாளில் திறந்த தாழ்வாரத்தில் அதுதான் உதவும்.

பழைய இணைப்புகள் பலவற்றில் மின்வாரியம் அனுமதித்த மின்பளு (ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சார அளவு) 1 அல்லது 2 கிலோவாட்தான். ஒரு கீசரிலேயே அது தீர்ந்துவிடும். மின்பளுவைக் கூட்டித் தரவும் எர்த்தைச் சோதிக்கவும் மின்வாரியம் மார்கழிக்கு முன் ஏற்காட்டில் ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டு வயரிங், பைப் வேலை செய்வோர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.